கைராசி டாக்டரும் என் ராஜித் தந்தியும்

டாக்டர்களுக்காக வாதாடப் போகும் இளம் வக்கீல்களே, பாலக்காட்டு வக்கீல்கள் நடுவே உலவும் ஒரு கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு வக்கீலின் குமாஸ்தா அர்த்தம் தெரியாமல் தந்தி கொடுத்து, ஒரு டாக்டரைத் தொழிலை விட்டே ராஜினாமா செய்ய வைக்கப் பார்த்தாராம். கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அந்த வக்கீல் நான்தான். கதையைப் பரப்பியவனும் நான்தான். அதில் ஒரு பொய் இருக்கிறது, அதைப் போட்டவனும் நான்தான். எண்பத்து நான்கு வயதாகிறது எனக்கு. கதையை ஒரு தடவையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நோயாளி டாக்டர் மேல் வழக்குப் போடுவது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். டாக்டரை அசைக்கக்கூடியது ஒன்றுதான், கேரளத் தலைநகரில் இருந்த மருத்துவக் கவுன்சில். அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால் நீங்கள் டாக்டர். பெயரை வெட்டிவிட்டால் ஸ்டெதாஸ்கோப் வைத்திருக்கும் ஓர் ஆள், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு ஒரு சீட்டுக்கூட எழுத முடியாது.

நாச்சிமுத்து டாக்டர் எலப்புள்ளிக்காரர், எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பம். படித்துவிட்டு இடுக்கியில் குமுளிக்கு அருகே ஆனைக்கரையில் போய் உட்கார்ந்தார். ஏலத்தோட்டத் தொழிலாளிகள்தான் அவருடைய நோயாளிகள். ஒருநாள் காலை அவர் என் அலுவலகத்துக்கு வந்து, நாலாக மடித்த ஒரு மஞ்சள் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். பிரித்தேன். வெள்ளைப் பொடி கொஞ்சம் என் வேட்டியில் கொட்டியது.

“மருந்துங்க” என்றார். “ஒண்ணும் பண்ணாதுங்க. வயித்துவலிக்குத்தான்.”

காகிதத்தில் பெரிய எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: ‘ஆனைக்கரையின் கைராசி டாக்டர் நாச்சிமுத்து அவர்கள் நீடூழி வாழ்க! தொட்டால் போதும், நோய் ஓடும்!’ கீழே, இப்படிக்கு ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். நடுவில் டாக்டரின் படம். அந்தப் படத்தில் அவர் ஏதோ துக்கச் செய்தி கேட்டவரைப் போல இருந்தார்.

கூடவே கவுன்சிலின் கடிதமும் இருந்தது. இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, டாக்டர் நோட்டீஸ் அடித்துத் தன்னை விளம்பரம் செய்துகொண்டார். டாக்டர் தன்னைப் புகழ்ந்துகொள்ளவும் கூடாது, பிறரைப் புகழ விடவும் கூடாது என்பது விதி. இரண்டாவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அவர் கைரேகை பார்த்து ராசிபலன் சொல்லி வைத்தியம் செய்கிறாராம்.

“ஏனுங்க டாக்டர், கைரேகையெல்லாம் பாப்பீங்களா?”

“நாடி பாப்பனுங்க. அதுக்குக் கையத் தொடத்தானுங்களே வேணும்.”

விஷயம் பிறகுதான் புரிந்தது. பக்கத்து ஊரில் நெடுங்காலமாகத் தொழில் செய்துவந்த ஒரு மலையாளி டாக்டர் புகார் கொடுத்திருந்தார். நோட்டீஸை அவருக்கு யாரோ மலையாளத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். ‘கை’ தெரிந்தது, ‘ராசி’ தெரிந்தது. இரண்டையும் சேர்த்தால் வருவது என்ன என்பது மொழிபெயர்த்தவருக்குத் தெரியவில்லை.

“பேர வெட்டிருவாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“வெட்டலாம்.”

“வெட்டுனா நான் ஊருக்குத்தான் போகோணும். எங்கப்பாரு ரொம்ப சந்தோசப்படுவாருங்க. கடலக்காட்டுக்கு ஆளில்லைன்னு நாலு வருசமா சொல்லிட்டிருக்காரு.” சிரிக்காமல்தான் சொன்னார். “அங்க வேற டாக்டரு இல்லீங்க. அதுதான் ரோசனையா இருக்குது.”

என் குமாஸ்தா காசிம் ராவுத்தர் அப்போது ஓரமாக உட்கார்ந்து வழக்குக் கட்டுகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். பாலக்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடச் சில வயது பெரியவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆனால் தமிழ், மலையாளம் இரண்டிலும் அவர் கைப்பட எழுதிய மனுவை எந்த ஆபீசும் திருப்பியதில்லை. தினமும் காலையில் மலையாளப் பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. நான் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவன். மலையாளம் பேசுவேன், அச்சில் படிக்கச் சோம்பல். இந்தச் சோம்பலை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ராவுத்தர். “சார், நோட்டீசு அடிச்சது தொழிலாளிங்க. சரி. இதுல மருந்து மடிச்சது யாருங்க?”

டாக்டர் தரையைப் பார்த்தார்.

“நாந்தானுங்க” என்றார்.

நோட்டீஸ் அடித்தது தெரிந்ததும் டாக்டருக்குக் கோபம் வந்து, மீதிக் கட்டு முழுவதையும் பறிமுதல் செய்திருக்கிறார். எரித்திருக்கலாம். ஆனால் அவர் எலப்புள்ளி விவசாயி மகன். அச்சடித்த நல்ல காகிதம், ஒரு பக்கம் வெள்ளை. வீணாக்க மனம் வரவில்லை. கம்பவுண்டரிடம் கொடுத்து, பொடி மடிக்க வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். தொழிலாளிகள் ஒரு தெருவில் கொடுத்த நோட்டீஸை டாக்டர் மூன்று மாதத்தில் மலை முழுக்க, வீடு வீடாக, வேளைக்கு ஒன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அதில் ஒன்றுதான் புகார் கொடுத்தவர் கைக்குப் போயிருந்தது.

நானும் ராவுத்தரும் ஆனைக்கரைக்குப் புறப்பட்டோம். பாலக்காட்டிலிருந்து அங்கே போக, பொள்ளாச்சி, திண்டுக்கல், கம்பம் என்று தமிழ்நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பஸ். மறுநாள் நோட்டீஸ் அடித்தவரைப் பார்த்தோம். சுடலைமுத்து, தோட்டத்துக் கங்காணி, திருநெல்வேலிக்காரர். போன வருஷம் குடல் வெடித்துச் சாகக் கிடந்தவரை டாக்டர் ஜீப்பில் போட்டு மதுரை வரை கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறார்.

“டாக்டருக்குச் சொல்லாமத்தான் அடிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“சொன்னா விடுவாகளா? பரம ரகசியமாத்தான் சார் செஞ்சோம்.”

“ஜீப்புல மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னதா எழுதியிருக்காங்களே?”

“ஆமா. மைக் கட்டுத வரைக்கும் ரகசியம்.”

“கவுன்சில்ல கேட்டா இதையெல்லாம் சொல்லக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில். புகழவே கூடாது.”

“புகழாம எப்படி சார் அவுகளப் பத்திப் பேசுறது?” உண்மையிலேயே குழம்பிப்போனார் கங்காணி.

இந்தச் சாட்சியோடு கவுன்சில் முன் நிற்பது ஆபத்து என்று தோன்றியது. ஆகவே நாச்சிமுத்துவையும் ராவுத்தரையும் கூட்டிக்கொண்டு புகார் கொடுத்தவரையே பார்க்கப் போனேன். நல்ல மனிதர். டீ கொடுத்தார். அவருக்கு விளம்பரத்தின் மேல்கூட அவ்வளவு கோபமில்லை. ஒரு கிழவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்று மைக்கில் அலறியிருக்கிறது. “கிழவரின் இதயத்தில் ‘நாச்சிமுத்து வாழ்க’ என்றுதான் எனக்குக் கேட்டது” என்றார். கைராசி என்பதற்கு அர்த்தம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். டாக்டர் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் புகாரை வற்புறுத்தப்போவதில்லை என்று எழுதியும் கொடுத்தார். நாச்சிமுத்து அங்கேயே உட்கார்ந்து வருத்தக் கடிதத்தை எழுதினார். எழுதுவதற்கு அவர் பையில் கையை விட்டபோது வந்த காகிதம் மஞ்சள் நிறம். ராவுத்தர் பிடுங்கிக்கொண்டு வேறு தாள் கொடுத்தார்.

விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. சமாதானம் ஆகிவிட்டதை உடனே கவுன்சிலுக்குத் தெரிவித்து, விசாரணையே இல்லாமல் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. குமுளித் தபால் ஆபீசுக்குப் போனோம். நான் சொல்லச் சொல்ல ராவுத்தர் தந்திப் படிவத்தை நிரப்பினார்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொழில் ஒழுக்க வழக்கில் ‘இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டோம்’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டால் கெட்ட வாடை அடிக்கும். ஏதோ கொடுத்து வாயை அடைத்தது போல இருக்கும். இது எனக்குத் தெரியும். ஆகவே, நம் பாலக்காட்டு கோர்ட்டில் காலங்காலமாகப் புழங்கும் வார்த்தையையே போட்டேன். ராஜி. இரு கட்சியும் மனமொத்துப் போவதற்கு நாம் போடும் ராஜி மனு. இங்கிலீஷ் வாக்கியம், நடுவில் இங்கிலீஷ் எழுத்தில் அந்த ஒரு வார்த்தை. ‘டாக்டர் ராஜிக்குச் சம்மதம். கோப்பை முடித்துவிடக் கோருகிறோம்.’ என்ன நாசூக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ராவுத்தர் எழுதுவதை நிறுத்தினார்.

“சார், இந்த ராஜி வேண்டாமுங்க.”

“ஏன்?”

“பேப்பர்ல ராஜின்னா வேலைய விட்டுப்போட்டுப் போறதுங்க. தெனமும் படிக்கிறனே. மந்திரி ராஜி வெச்சாரு, பஞ்சாயத்துத் தலைவரு ராஜி வெச்சாருன்னு.”

“அது பேப்பர். இது சட்டம். நம்ம கோர்ட்டுல எத்தனை ராஜி மனு எழுதியிருக்கீங்க?”

“அது பாலக்காடுங்க. இந்தத் தந்தி தெக்கே போகுது.”

“ராவுத்தரே, சட்டம் படிச்சது நீங்களா, நானா?”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “நீங்கதானுங்க” என்றார். எழுதினார். அவருடைய அழகான கையெழுத்தில், ராஜி.

பத்து நாளில் பதில் வந்தது. என்னிடம் அல்ல, டாக்டரிடம். பதிவேட்டிலிருந்து தாமாகவே விலகச் சம்மதித்து அவர் வழக்கறிஞர் அனுப்பிய தந்தி கிடைத்தது என்றும், அது விசாரணை நாளன்று கவுன்சில் முன் வைக்கப்படும் என்றும், பதிவுச் சான்றிதழோடு நேரில் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. தந்தியைப் படித்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் மொழியில் அதற்கு அதுதான் அர்த்தம்.

டிரங்க் கால் போட்டார் டாக்டர். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே அவர் குரல்.

“ஏனுங்க வக்கீலு, நான் எப்பங்க ராஜினாமா பண்ணுனேன்?”

“ஒரு சின்ன… வார்த்தைக் குழப்பமுங்க” என்றேன்.

“எங்கப்பாருக்கு எப்படியோ சேதி போயிருச்சுங்க. கடலக்காட்டுக்கு உழவு போட்டுட்டாராமா” என்றார். லைன் அறுந்துபோனது.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ராவுத்தர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ‘நான் சொன்னேன்’ என்று அவர் சொல்லவில்லை. போய் மலையாள அகராதியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நான் திறக்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. நாங்கள் ரயிலில் போனோம். டாக்டரும் கங்காணியும் மலையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். டாக்டரின் சட்டைப்பையில் பதிவுச் சான்றிதழ் இருந்தது. அதை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கங்காணியின் கையில் துணியில் சுற்றிய ஒரு கட்டு. வழிக்குச் சோறு என்று நினைத்தேன்.

டாக்டர்கள் நீதிபதியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாதாடுவதைப் பற்றி உங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. ஏழு பேர் இருந்தார்கள். நான் எழுந்து தொண்டையைக் கனைத்தேன். தலைவர் உடனே குனிந்து என்னைப் பார்த்தார்.

“எத்தனை நாளா இந்த இருமல்?”

“இருமல் இல்லை சார், கனைத்தேன்.”

“சிகரெட்?”

“எப்போதாவது.”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த மற்றவர் என் கண்களை உற்றுப் பார்த்துவிட்டு, காமாலை இல்லை என்பது போலத் தலையசைத்தார். அதற்குப் பிறகு நான் சட்டம் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்த ஏழு பேரும் என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றியது. கேள்வி கேட்கும்போது அவர்கள் முன்னால் நிற்பது வக்கீல் அல்ல, நோயாளிதான். நோயாளி உண்மையைச் சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தலைவர் முதலில் தந்தியைத்தான் எடுத்தார்.

“டாக்டர் விலகிக்கொள்கிறார், அல்லவா? அப்படியானால் வேறு விசாரணை எதற்கு?”

டாக்டரின் கை சட்டைப்பைக்குப் போனது. நான் அவசர அவசரமாக விளக்கினேன். பாலக்காட்டு கோர்ட்டில் ராஜி என்றால் விலகல் அல்ல, இணக்கம். புகார் கொடுத்தவர் தந்த கடிதம் இதோ, வருத்தக் கடிதம் இதோ.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரு டாக்டரின் ஆயுள் தொழிலைப் பற்றிய விஷயம். இப்படி ஒரு வார்த்தையைத் தந்தியில் எழுதியது யார்?”

எனக்குப் பின்னால், கதவோரம், வழக்குக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார்.

“என் குமாஸ்தா எழுதியது, சார்” என்றேன். “அதிகம் படிக்காதவர். அர்த்தம் தெரியாமல் எழுதிவிட்டார். மன்னிக்க வேண்டும்.”

படிவத்தை நிரப்பியது அவர் கைதான். அதிகம் படிக்காதவர் என்பதும் உண்மைதான். வக்கீலின் பொய் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தால் பொய்யே அகப்படாது.

“பெயர்?”

“காசிம்.”

தலைவர் பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார். உறுப்பினர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து கைராசி. அதற்கு நான் ஒரு பெரிய வியாக்கியானம் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் கங்காணி எழுந்துவிட்டார்.

“அய்யா, காய்ச்சல்னா கம்பவுண்டர் ஒரு ஊசி போடுதாரு, போகல. அதே மருந்து, அதே ஊசி, டாக்டரய்யா போட்டா போயிருது. அதான் கைராசி. சாதகமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அந்த வார்த்தையைக் கேட்காத டாக்டர் யார்? ஒவ்வொருவருடைய நோயாளியும் அவரவர் மொழியில் அதைச் சொல்லியிருப்பான். ஒருவர் தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார். “நம்ம கைப்புண்யம்” என்று தலைவர் மலையாளத்தில் மெல்லச் சொன்னார்.

அதோடு கங்காணி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. துணிக்கட்டை அவிழ்த்தார். சோறு இல்லை. நான் தடுப்பதற்குள் ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். இந்த முறை காகிதம் ரோஸ் நிறம்.

‘கைராசி டாக்டருக்குக் கண்ணீர் பிரியாவிடை!’

டாக்டர் விலகுகிறார் என்ற செய்தி மலையில் பரவியதும் கங்காணி கம்பத்துக்குப் போய் இதை அடித்துவிட்டார். விளம்பரம் செய்ததற்காக நடக்கும் விசாரணையில், நீதிபதிகள் கையிலேயே விளம்பரம். தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்து ஓர் உறுப்பினர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

கவுன்சிலில் ஓர் அம்மையார் இருந்தார், நாகர்கோவில் பக்கம் பிறந்தவர். அவர் மட்டும் நோட்டீஸைத் தமிழில் கடைசிவரை படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் அடியில் ஓரிடத்தில் நிறுத்தினார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உரக்கப் படித்தார்:

“குறிப்பு: இந்த நோட்டீசு டாக்டருக்குத் தெரியாது. போன தடவை தெரிந்து ரொம்ப வைதார். பார்த்தவர்கள் அவரிடம் சொல்ல வேண்டாம்.”

மலையாளத்திலும் சொன்னார். மேஜையைச் சுற்றி எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. நாச்சிமுத்து அப்போதுதான் அந்த நோட்டீஸை முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது ஏழு பேருக்கும் தெரிந்தது. ஏனென்றால் அவர் கங்காணியைப் பார்த்த பார்வை அப்படி.

“ஏய்யா, உங்கிட்ட எத்தன தடவ சொல்றது?” என்றார், கவுன்சில் என்பதையே மறந்து. “காயிதம் என்ன மரத்துலயா காய்க்குது?”

பெயரை வெட்டவில்லை. எச்சரிக்கையோடு விட்டார்கள். அச்சடித்த காகிதத்தில் மருந்து மடிக்கக் கூடாது என்று தலைவர் தனியாகச் சொன்னார். டாக்டர் வெளியே வந்து, சான்றிதழை எடுத்து ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

“எங்கப்பாருக்குத்தான் ஏமாத்தம்” என்றார். கண் கலங்கியிருந்தது.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். வழக்கை ஜெயித்துக் கொடுத்தது ரோஸ் நோட்டீஸின் அடிக்குறிப்பு. அந்த நோட்டீஸ் வந்ததே என் தந்தியால். தவறு என்னுடையது என்று நான் ஒப்புக்கொண்டிருந்தால் டாக்டருக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. எனக்கு? ஏழு டாக்டர்கள் முன்னால் பத்து நிமிஷ வெட்கம். அதைத் தாங்க முடியாமல்தான் அந்த மனிதரின் பெயரைக் கொடுத்தேன்.

மறுநாள் பகல் ரயிலில் திரும்பினோம். ராவுத்தர் எதிரே உட்கார்ந்திருந்தார். கொல்லம் தாண்டியதும் வழக்கம் போலப் பேப்பரைப் பிரித்து எனக்குப் படித்துக் காட்டத் தொடங்கினார்.

“மந்திரி ஒருத்தரு ராஜி வெச்சுட்டாராமுங்க, சார்.” பக்கத்தைத் திருப்பினார். “யாரு கூட ராஜியானாருன்னுதான் போடல.”

எனக்கு முகம் எரிந்தது. “ராவுத்தரே, அங்க ஒரு பேச்சுக்குத்தான் அப்படிச் சொல்லிட்டேன்” என்றேன். அதுகூட மன்னிப்பு அல்ல, பாருங்கள்.

“அதனால என்னங்க சார்” என்றார். “டாக்டரு பேரு நின்னுச்சில்ல. அது போதும். எம்பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லீங்களே, வெட்டறதுக்கு.”

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். சௌகரியமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கவுன்சிலின் உத்தரவு நகல் தபாலில் வந்தது. உறையைப் பிரிப்பது, படிப்பது, வழக்குக் கட்டில் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. பிரித்தார். நின்றபடியே படித்தார். இரண்டாவது பத்தியில், அந்தத் தந்தி வழக்கறிஞரின் குமாஸ்தா காசிம் என்பவரின் அறியாமையால் அனுப்பப்பட்டது என்று பதிவாகியிருந்தது. அந்த வரியில் விரலை வைத்து, காகிதத்தை என் மேஜைமேல் விரித்தார்.

“சார், வந்துருச்சுங்க” என்றார். “நம்ம பேரும் ரிஜிஸ்டர்ல ஏறிருச்சு.”

அதை அவரே வழக்குக் கட்டோடு சேர்த்துத் தைத்தார். மேலட்டையில் வழக்கின் பெயரை எழுதினார், அதே அழகான கையெழுத்தில்.

திருத்தச் சொல்லி ஒரு கடிதம் போட எனக்கு ஒரு தபால் அட்டை போதும். போடவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதையை வக்கீல்கள் கூடும் இடமெல்லாம் சொன்னேன். நன்றாகச் சொல்வேன். கங்காணியின் குரலில் பேசிக் காட்டுவேன். ‘என் குமாஸ்தா இருக்கிறாரே’ என்று ஆரம்பிப்பேன். சில சமயம் ராவுத்தர் கட்டோடு பக்கத்திலேயே நிற்பார். எல்லாரும் சிரிக்கும்போது அவரும் கொஞ்சம் சிரிப்பார். இன்னும் பதினோரு வருஷம் என்னோடு வேலை செய்தார். காலையில் பேப்பர் படித்துக் காட்டுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அந்த ரயிலுக்குப் பிறகு ராஜிச் செய்திகளை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுவார். அதனால் மந்திரிகள் மாறியது எனக்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வேறு யாராவது சொல்லித்தான் தெரியவரும். எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று செய்தாரா, வரட்டும் என்று செய்தாரா, கேட்டதில்லை. அவர் இறந்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

காலம் கடந்த திருத்த மனுவை ஏற்கும் சட்டப்பிரிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே உங்கள் முன் தாக்கல் செய்கிறேன். குமுளித் தபால் ஆபீசில் கொடுத்த தந்தியில் ராஜி என்ற வார்த்தையைப் போடச் சொன்னவன் வக்கீலாகிய நான். வேண்டாம் என்று சொன்னவர் காசிம் ராவுத்தர். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எங்கள் இருவரில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. இனி அந்தக் கதையை நீங்கள் சொல்வதானால் சொல்லுங்கள், நல்ல கதைதான். ‘ஒரு வக்கீல் இருந்தான்’ என்று ஆரம்பியுங்கள்.